தன்னைத் தானே சுட்டும் எண்தொடர்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் யாப்பு நூலார் அசைக்கும் சீருக்கும் இட்ட பெயர்களில் ஒரு நுட்பம் உண்டு. நேர் என்னும் சொல் தானே ஒரு நேரசை. நிரை என்னும் சொல் தானே ஒரு நிரையசை. தேமா என்பதை அலகிடின் நேர் நேர். புளிமா, நிரை நேர். கருவிளம், நிரை நிரை. கூவிளம், நேர் நிரை. ஓரசைச் சீருக்குக் காட்டும் நாள், மலர் என்பனவும், தொல்காப்பியர் கூறும் நேர்பு, நிரைபு என்பனவும் இவ்வாறே அமைந்துள்ளன. பெயர் தன் இலக்கணத்தைத் தன் ஒலியாலேயே கூறிவிடுகின்றது. மாணவர் நினைவில் நிறுத்துதற்கு அமைந்த எளிய உத்தி என்று இதனைக் கடந்து செல்வோர் பலர். யாமும் நெடுங்காலம் அவ்வாறே கடந்து சென்றோம். மேலைநாட்டுக் கணித நூல்களில் தன்னைத் தானே சுட்டும் எண்தொடர்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதுதான் இப்பெயர்கள் மீண்டும் எம் நினைவிற்கு வந்தன.

அத்தொடர்களுள் ஒன்று பாரிசில் 1851-இலும், நார்வேயில் 1906-ஐ ஒட்டியும், அமெரிக்காவில் 1921-இலும், ஆலந்தில் 1929-இலும், ஒருவர் கண்டதை மற்றவர் அறியாமலே காணப்பட்டது. அச்சேறிய ஓர் உண்மை எங்ஙனம் மறைகின்றது, மறைந்தது எங்ஙனம் மீள்கின்றது என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் பொருள். தொடரின் இயல்பை விளக்குதற்கு யாப்புச் சொற்களை ஆள்வோம். அவை தமிழ் கற்றார்க்குப் பழகியவை என்பது ஒன்றே அதற்குக் காரணம். யாப்பு நூலார் இத்தொடரை அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று யாதும் இல்லை; அவ்வாறு கூறுவதும் எம் கருத்தன்று. பிறர் கண்ட ஒவ்வொன்றையும் நம் முன்னோர் முன்னரே கண்டனர் என நாட்டும் வழக்கத்தால் நம் முன்னோர்க்குப் பெருமை மிகுவதில்லை.

முதற்கண் இரும எண்முறையைச் சிறிது நோக்குவாம். 0, 1 என்னும் இரண்டே குறிகளால் எல்லா எண்களையும் எழுதும் இம்முறையை லைப்னிட்சு 1703-இல் பாரிசு அறிவியற் கழகத்திற்கு விளக்கி எழுதினார். இருவகைக் கூறுகளை அடுக்கி எண்ணும் எண்ணம் யாப்பியலில் அதனினும் மிகப் பழையது. வடமொழியில் பிங்கலர், வரிசை எண் கொடுக்கப்பட்ட ஒரு யாப்பு வடிவத்தைக் காண வழி கூறினார்: எண் இரட்டையாயின் பாதியாக்கி இலகு எழுதுக, ஒற்றையாயின் ஒன்று கூட்டிப் பாதியாக்கிக் குரு எழுதுக. ஓர் எண்ணை இருமமாகப் பிரிக்கும் செயலோடு இஃது ஒத்ததே. தமிழில் நேர், நிரை இரண்டும் ஓரசையில் 2, ஈரசையில் 4, மூவசையில் 8, நாலசையில் 16 என விரிந்து முப்பது சீராவதும் இரண்டின் அடுக்குகளே.

இரும முறையில் சுழி 0, ஒன்று 1, இரண்டு 10, மூன்று 11, நான்கு 100, ஐந்து 101, ஆறு 110, ஏழு 111. ஒவ்வோர் எண்ணிலும் 1 என்னும் குறி எத்துணை முறை வருகின்றது என எண்ணுக. அத்தொகை இரட்டைப்படையாயின் நேர் என்றும், ஒற்றைப்படையாயின் நிரை என்றும் எழுதுக. சுழியில் 1 இல்லை. இன்மையும் இரட்டையாகவே கொள்ளப்படும். ஆதலின் சுழி முதல் ஏழு வரை கிடைப்பது: நேர் நிரை நிரை நேர் நிரை நேர் நேர் நிரை. எட்டு முதல் பதினைந்து வரை இதன் மறுதலை வரும்: நிரை நேர் நேர் நிரை நேர் நிரை நிரை நேர். இவ்வாறே தொடர் முடிவின்றி நீளும்.

இனி இதனை ஈரசைச் சீராகப் பிரித்து அலகிடுவாம். முதல் எட்டசையும் கூவிளம் புளிமா புளிமா கூவிளம் என ஓர் அளவடியாகின்றன. அடுத்த எட்டும் புளிமா கூவிளம் கூவிளம் புளிமா என மற்றோர் அடியாகின்றன. எத்துணைத் தொலைவு சென்றாலும் தேமாவும் கருவிளமும் வாரா. இன்னொரு வியப்பும் உண்டு. கூவிளம் வரும் இடமெல்லாம் நேர் என்றும், புளிமா வரும் இடமெல்லாம் நிரை என்றும் மாற்றி எழுதின், நாம் தொடங்கிய அதே தொடர் மீண்டும் வந்து நிற்கும். அசைகளின் வரிசை யாதோ அதுவே சீர்களின் வரிசை. அதுவே அடிகளின் வரிசையும் ஆகும். தொடர் தன்னைத் தன் உறுப்புகளால் மீண்டும் எழுதிக் காட்டுகின்றது. இதனைத் தன்சுட்டுத் தொடர் என இக்கட்டுரையில் வழங்குவோம்.

இதன் காரணம் அரிதன்று. நாம் வழங்கும் பதின்ம முறையில் ஓர் எண்ணின் வலப்புறம் 0 சேர்ப்பின் அது பத்து மடங்காவது போல, இரும முறையில் 0 சேர்ப்பின் எண் இரு மடங்காகும். 1 சேர்ப்பின் இரு மடங்கோடு ஒன்று கூடியதாகும். 0 சேர்வதால் 1-களின் தொகை மாறுவதில்லை; 1 சேர்வதால் ஒன்று மிகுகின்றது. ஆதலின் எந்த இணையிலும் முதலசை அவ்விணையின் வரிசை எண்ணுக்குரிய அசையாகவும், இரண்டாம் அசை அதன் மறுதலையாகவும் அமைதல் வேண்டும். நேரில் தொடங்கி மறுதலையில் முடிவது கூவிளம். நிரையில் தொடங்கி மறுதலையில் முடிவது புளிமா. வேறு சீர்க்கு இடமில்லை.

தளை நோக்கினும் சுவை உண்டு. ஒரே சீர் இருமுறை அடுத்து வரும் இடத்தில் இயற்சீர் வெண்டளையும், சீர் மாறும் இடத்தில் ஆசிரியத்தளையும் அமைகின்றன. வெண்பா இதனை ஏலாது, ஆசிரியப்பா ஏற்கும். வெண்டளை இருமுறை அடுத்து வருதல் எங்கும் இல்லை. இல்லை என்பதன் முழுப்பொருளைப் பின்னர்க் காண்பாம்.

இத்தொடரின் வரலாறு யூஜின் புரூயே என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞரிடம் தொடங்குகின்றது. அவர் நாடியது எண்களைச் சமமாகப் பங்கிடும் ஒரு வழியை. சுழி முதல் ஏழு வரையுள்ள எண்களில், நேர் பெற்ற 0, 3, 5, 6 என்பன ஒரு கூறு. நிரை பெற்ற 1, 2, 4, 7 என்பன மற்றொரு கூறு. இரு கூறும் தனித்தனியே கூட்டின் 14 ஆகும். ஒவ்வோர் எண்ணையும் தன்னால் பெருக்கிக் கூட்டினும் இரண்டும் 70 ஆகும். பதினைந்து வரை நீட்டின், கூட்டுத்தொகை 60, இருபடித் தொகை 620, முப்படித் தொகை 7200 என மூன்றும் ஒத்து நிற்கும். எண்களின் எல்லையை இரட்டிக்குந்தோறும் இன்னும் ஒரு படி உயர்ந்த சமன்மை கிடைக்கும். இதனை உள்ளடக்கிய பொதுவிதியைப் புரூயே 1851-இல் பாரிசு அறிவியற் கழகத்தின் வார வெளியீட்டில் மிகச் சுருக்கமாக அறிவித்தார். தொடரை ஒரு தொடராக அவர் எழுதிக் காட்டவில்லை. அவர் விதியுள் அது மறைந்து நின்றது.

அவ்வறிவிப்பை உலகம் மறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாரி, எசுகாட்டு என்னும் இருவர் இவ்வகைப் பங்கீட்டை ஆராய்ந்தனர். சிக்கலுக்கு அவர்கள் பெயரே வழங்கலாயிற்று. 1959-இல் ஈ. எம். ரைட்டு என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். 1910-இன் தாரி–எசுகாட்டுச் சிக்கலுக்குப் புரூயே 1851-இல் தந்த தீர்வு என்பதே அக்கட்டுரையின் தலைப்பு. வினாவிற்கு அறுபது ஆண்டு முன்னரே விடை வந்துவிட்டது என்பதைத் தலைப்பிலேயே கூறிவிட்டார். யாம் படித்த கட்டுரைத் தலைப்புகளுள் இதனினும் பொருத்தமானது பிறிதில்லை.

அடுத்தவர் ஆக்செல் தூயே. 1863-இல் தென்சுபெர்க்கு என்னும் ஊரில் பிறந்த இவர், பின்னர் 1925-இல் ஒசுலோ எனப் பெயர் மாறிய கிறித்தியானியா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 1903 முதல் பயன்முறை இயந்திரவியல் பேராசிரியராக விளங்கினார். இவர் கேட்ட வினா எண்களைப் பற்றியதன்று, எழுத்துகளைப் பற்றியது. சில எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தத் துண்டும் அடுத்தடுத்து இருமுறை வாராதபடி முடிவின்றி எழுத இயலுமா? இரண்டே எழுத்தாயின் இயலாது. நேர் நிரை நேர் வரை செல்லலாம். அதன்பின் நேர் இடின் நேர் நேர் என இரட்டும். நிரை இடின் நேர் நிரை நேர் நிரை எனக் கூவிளம் இரட்டும். மூன்று எழுத்தாயின் இயலும் என்று தூயே நிறுவினார். இரண்டு எழுத்தில் இரட்டுதலைத் தவிர்க்க இயலாதெனினும் மும்முறை அடுக்குதலைத் தவிர்க்கலாம் என்றும் காட்டினார்.

இவ்வாய்வு 1906, 1912 ஆகிய ஆண்டுகளில் கிறித்தியானியா அறிவியற் கழக வெளியீடுகளாக, செருமன் மொழியில் எழுதப்பட்ட இரு கட்டுரைகளில் உள்ளது. நம் தன்சுட்டுத் தொடர் இரண்டாம் கட்டுரையில் விரிவாக ஆராயப் பெற்றது. அத்தொடரில் ஒரு துண்டு இருமுறை அடுத்து வந்தபின், மும்முறை வாராமை மட்டுமன்று, அத்துண்டின் முதலெழுத்துக்கூட மூன்றாம் முறை தொடங்குவதில்லை என்பது தூயே கண்ட உண்மை. வெண்டளை இருமுறை அடுத்து வாராது என்று மேலே கூறியது இதன் சிறு பகுதியே. அவ்வாறு வரின் ஒரே சீர் மும்முறை அடுக்கியதாகிவிடும். மூன்றெழுத்துத் தொடரையும் இதிலிருந்தே எளிதாகப் பெறலாம். நேர்க்கும் அடுத்த நேர்க்கும் இடையே எத்துணை நிரை உள்ளன என எண்ணின் 2, 1, 0, 2, 0, 1, 2 எனச் செல்லும். இதில் எத்துண்டும் அடுத்தடுத்து இரட்டுவதில்லை.

இதனால் பயன் யாது என்னும் வினாவிற்குத் தூயே அஞ்சவில்லை. அளவையியல் சார்ந்த அறிவுத்துறைகள் வளர்தற்குப் பயன் கருதாது அரிய சிக்கல்களை நாடுதல் வேண்டும் என்னும் கருத்தை அவரே எழுதி வைத்தார். ஆனால் எழுதியதைப் படிப்பார் இலர். பின்வந்த இருவர் அதே தொடரை மீண்டும் கண்டதே அதற்குச் சான்று.

1921-இல் அமெரிக்கரான மார்ஸ்டன் மோர்ஸ், குதிரைச் சேணம் போல் இருபுறமும் எதிர் எதிராக வளைந்த பரப்புகளின்மேல் செல்லும் நேர்வழிகளை ஆராய்ந்தார். அங்ஙனம் செல்லும் ஒரு வழி, தான் சென்ற இடங்களுக்கு அருகே மீண்டும் மீண்டும் வந்தும், ஒருபோதும் ஒரே சுற்றாக அடைபடாமல் இருத்தல் கூடுமா என்பது அவர் வினா. வழியின் போக்கை இரு குறிகளால் எழுதி, அக்குறிகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அமைத்து, கூடும் என்று காட்டினார். அவ்வரிசை தூயேயின் தொடரே. அதில் வரும் எத்துண்டும் ஓர் எல்லைக்குட்பட்ட இடைவெளியில் மீண்டும் வரும். ஆயினும் தொடர் முழுதும் எக்காலத்தும் சுழற்சியாகாது.

எட்டு ஆண்டு கழித்து ஆம்சுடர்டாமில் கணித ஆசிரியர் ஒருவர் சதுரங்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் மாக்ஸ் ஏவே. 1935 முதல் 1937 வரை உலக வாகை சூடியிருந்தவர். 1970 முதல் 1978 வரை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தார். செருமானிய விதி எனப்பட்ட ஒரு விதியின்படி, ஒரே நகர்த்தல் வரிசை மும்முறை அடுத்தடுத்து வரின் ஆட்டம் சமநிலையில் முடியும். இவ்விதி ஆட்டத்தை எஞ்ஞான்றும் முடித்துவைக்கப் போதுமா? போதாது என்றார் ஏவே. இருபுறத்துக் குதிரைகளும் வெளிவந்து தம் இடம் மீளும் நகர்த்தல்களை இருவகையாகக் கொண்டு, ஒன்றை நேர் என்றும் மற்றதை நிரை என்றும் வைத்து நம் தொடர்ப்படி ஆடின், மும்முறை அடுக்கு ஒருபோதும் வாராது, ஆட்டமும் முடியாது. 1929-இல் ஆம்சுடர்டாம் அறிவியற் கழக வெளியீட்டில் வந்த இக்கட்டுரை தூயேயையோ மோர்சையோ அறிந்து எழுந்ததன்று. இன்றைய விதிகள் வேறு. 2014 முதல் ஒரே நிலை ஐந்து முறை வந்தாலும், காலாள் நகராமலும் காய் வெட்டப்படாமலும் இருபுறமும் 75 நகர்த்தல் கடந்தாலும் ஆட்டம் தானே முடிந்துவிடும். ஏவேயின் முடிவிலா ஆட்டத்திற்கு இப்போது இடமில்லை.

மோர்சும் அவரோடு பணிசெய்த ஹெட்லண்டும் 1944-இல் இத்தொடரைப் பற்றி மீண்டும் எழுதியபோது முடிவிலாச் சதுரங்கம் என்பதையே தலைப்பில் முதலாக வைத்தனர். தூயேயின் 1906-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

இம்மறைவிற்குக் காரணம் யாது? சிறிய நாட்டின் கழகம் ஒன்று வெளியிட்டமையே காரணம் என்று கூறுதல் வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கிறித்தியானியாக் கழகத்தின் வெளியீட்டைத் தேடிப் படிக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் இராது. தமிழில் ஆராய்ச்சி எழுதுவோர் நெஞ்சில் இச்செய்தி சற்று ஆழமாகவே தைக்கும். எம் நெஞ்சில் தைத்தது. ஆயினும் இக்காரணம் ஒன்றே போதும் என்று யாம் கருதவில்லை. அதற்கு இரு தடைகள் உள.

ஒன்று, தூயே 1914-இல் அதே வெளியீட்டு வரிசையில், அதே செருமன் மொழியில் மற்றொரு கட்டுரை எழுதினார். கொடுக்கப்பட்ட விதிகளின்படி ஒரு குறித்தொடரை மற்றொன்றாக மாற்ற இயலுமா என்று முடிவு செய்யும் பொதுவழி உண்டா என்பது அதன் வினா. அதனை எமில் போஸ்ட் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்கொண்டு, அத்தகைய பொதுவழி இல்லை என 1947-இல் நிறுவி, தம் கட்டுரைத் தலைப்பிலேயே தூயேயின் பெயரையும் பொறித்தார். மொழியியலார் இன்று ஆக்கமுறை இலக்கணம் என வழங்கும் கொள்கைக்கும் இவ்வகை மாற்றுவிதிகளே முன்னோடி. ஆகவே அவ்வெளியீடு எவர்க்கும் எட்டாக் கனியாக இருந்ததில்லை. வினாவோடு தேடியவர்க்கு அது கிட்டியது.

மற்றொன்று, உலகறிந்த இதழில், ஆங்கிலத்தில், அமெரிக்காவிலேயே வெளிவந்த ஒரு தொடரும் இவ்வாறே மறக்கப்பட்டது. 1, 2, 2, 1, 1, 2, 1, 2, 2, 1, 2, 2 என்று செல்லும் ஒரு தொடர் உண்டு. இதில் 1 ஒருமுறை, 2 இருமுறை, 1 இருமுறை, 2 ஒருமுறை, 1 ஒருமுறை, 2 இருமுறை என அடுக்குகளின் அளவை எழுதிச் சென்றால் 1, 2, 2, 1, 1, 2 என அத்தொடரே வரும். தேமா என்னும் சொல் தன் அலகைத் தானே கூறுவது போல, இது தன் அடுக்குகளைத் தானே எண்ணிக் கூறுகின்றது. இதனை ரூபஸ் ஓல்டன்பர்கர் 1939-இல், மோர்சின் 1921 கட்டுரை வந்த அதே அமெரிக்கக் கணிதக் கழக இதழில் வெளியிட்டார். 1965-இல் வில்லியம் கோலகோஸ்கி என்பவர் மற்றோர் அமெரிக்க இதழில் இதனைப் புதிர்வினாவாக விடுத்தார். தொடர் அவர் பெயரையே பெற்றுவிட்டது. ஓல்டன்பர்கரின் பெயர் பிற்காலத்தே இணைந்தது. இத்தொடரில் 1-உம் 2-உம் சரிபாதியாக வருகின்றனவா என்பது இன்றும் நிறுவப்படவில்லை.

எனவே இதழின் சிறுமையும் மொழியின் அருமையும் மட்டும் இம்மறைவை விளக்கமாட்டா. புரூயே எண்களின் பங்கீட்டை நாடினார்; தூயே எழுத்துகளின் அடுக்கை; மோர்ஸ் பரப்பின்மேல் வழியை; ஏவே ஆட்டத்தின் முடிவை. எழுத்துகளைப் பற்றிய கட்டுரையில் தம் விடை இருக்கும் என வளைபரப்பை ஆராய்பவர் எண்ணுதற்குக் காரணம் இல்லை. நான்கும் ஒரே தொடர் என்பது, நான்கையும் ஒருங்கு வைத்து நோக்கிய பின்னரே புலப்படும் செய்தி. நூலகத்தில் நூல் இருந்தும் எந்தத் துறையின் அடுக்கில் தேடுவது என்று அறியாதவன் நிலை அது.

அங்ஙனம் ஒருங்கு வைத்து நோக்கியவருள் ஹெட்லண்டு குறிப்பிடத்தக்கவர். 1944-இல் மோர்சோடு சேர்ந்து எழுதியவரே 1967-இல் தூயேயின் பணிகளை விளக்கித் தனிக் கட்டுரை வரைந்து, முன்னவர்க்குரிய இடத்தை முன்னவர்க்கு அளித்தார். தாம் உழைத்த துறையில் தமக்கு முன்னரே ஒருவர் சென்ற அடிச்சுவட்டைத் தாமே எடுத்துக் காட்டுதல் எளிய செயலன்று. அக்கட்டுரையும் வடநாட்டுக் கணித இதழ் ஒன்றிலேயே வெளிவந்தது. 1977-இல் தூயேயின் தேர்ந்த கட்டுரைகள் ஒசுலோவில் ஒரு தொகுதியாக வந்தன. 1999-இல் அல்லூசு, சாலிட்டு என்னும் இருவர் இத்தொடரைப் பற்றி எழுதிய விரிவுரையில் புரூயே, தூயே, மோர்ஸ் என்னும் மூவர் பெயரையும் அதற்கு இட்டு வழங்கினர். ஏவேயின் பெயர் அதில் இல்லை.

1906, 1912 கட்டுரைகளை ஆங்கிலத்தில் முழுமையாகப் பெயர்த்துக் குறிப்புரையும் எழுதியவர் பிரெஞ்சு நாட்டு ழான் பெர்ஸ்டெல். அம்மொழிபெயர்ப்பு மோன்றியலில் 1995-இல் வெளிவந்தது. மூலத்தின் முதற் கட்டுரைக்கும் அதற்கும் இடையே சென்றவை எண்பத்தொன்பது ஆண்டுகள்.